கதிர்காமத்துக்குப் போகும் வழி



புண்ணிய நகரங்களைப் பற்றிப் பேச வருபவர்களுக்கு வழக்கமாக ஒரு வசதி உண்டு. சிதம்பரத்தைப் பற்றிப் பேசுபவர் கோபுரத்தில் தொடங்கலாம். அங்குள்ள கரணச் சிற்பங்களைச் சொல்லலாம். சோழரும் பாண்டியரும் வெட்டுவித்த கல்வெட்டுகளை எடுத்துக்காட்டலாம். மதுரைக்கு ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது. காசிக்குக் கங்கைக்கரைப் படித்துறைகளும், தமிழரைப் பொறுத்தவரையில் குமரகுருபரர் நிறுவிய மடமும் இருக்கின்றன. கதிர்காமத்தைப் பற்றிப் பேச வந்திருக்கும் எனக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.

கதிர்காமக் கந்தன் கோயிலுக்குக் கோபுரம் இல்லை. அது ஒரு சிறிய, எளிய கட்டடம். சிற்பத் தூண்கள் இல்லை. கண்ணாரக் கண்டு கும்பிட மூலவர் திருவுருவமும் இல்லை. ஒரு திரைச்சீலை தொங்குகிறது. அதிலே மயில்மீது வள்ளி தெய்வயானையோடு முருகன் எழுதப்பட்டிருக்கிறான். திரைக்கு அப்பால் போகும் உரிமை கப்புறாளைமாருக்கே உண்டு. யந்திரம் வரைந்த தகடு ஒன்று பேழைக்குள் இருக்கிறது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. விழா இரவுகளில் அந்தப் பேழைதான் யானைமீது ஏறி வருகிறது. அப்போதும் அது மூடப்பட்டே வருகிறது. நாம் காண்பது போர்த்திய துணியைத்தான்.

அப்படியானால் இந்த நகரத்தின் வரலாற்றை எங்கே போய்ப் படிப்பது? ஏடுகளில் கொஞ்சம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். பெரும்பகுதி அந்த நகரத்துக்குப் போகும் வழியிலே கிடக்கிறது என்பது என் எண்ணம். அந்த வழி எங்கள் ஓட்டமாவடிக்குள்ளாலும் போகிறது.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் என்று கீழைக்கரையை ஒட்டி இறங்குவார்கள். கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி கடந்தால் நாவலடி. அப்புறம் ஓட்டமாவடிப் பாலம். ஆங்கிலேயர் கட்டிய அந்தப் பழைய இரும்புப் பாலத்தில் புகையிரதத்துக்கும் வாகனத்துக்கும் ஒரே வழிதான். ரயில் வருகிறதென்றால் பஸ்ஸும் மாட்டுவண்டியும் வேல் தாங்கிய சாமிமாரும் ஒன்றாகக் காத்து நிற்பார்கள். இப்போது பக்கத்திலே புதிய பாலம் இருக்கிறது. யாரும் காத்து நிற்பதில்லை.

தமிழ் ஆசிரியன் என்றபடியால் ஊர்ப்பெயர்களில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டமாவடி, நாவலடி, மாவடிவேம்பு, தாண்டியடி, ஆலையடிவேம்பு என்று இந்தக் கரையெங்கும் ‘அடி’யில் அமைந்த பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மாமரத்தின் அடி, நாவல் மரத்தின் அடி, தான்றி மரத்தின் அடி, ஆலமரத்தின் அடி. ‘கேணி’யில் அமைந்தவையும் பல: பனிச்சங்கேணி, காயாங்கேணி, மாங்கேணி. அரசன் பெயராலோ அதிகாரி பெயராலோ அமைந்தவை அருமை. எங்கே நிழல் உண்டு, எங்கே தண்ணீர் உண்டு என்பதைத்தான் இப்பெயர்கள் சொல்கின்றன. வண்டியில் போகிறவனுக்கு இது தேவையில்லாத செய்தி. தலையில் மூட்டையோடு வெயிலில் நடப்பவனே ஊருக்கு இப்படிப் பெயர் வைப்பான்.

பஸ்ஸில் போய்க் கதிர்காமத்தைப் பலமுறை கண்டவன் நான். நடந்து போனது ஒரேயொரு முறை. 2013ஆம் ஆண்டு ஆனி மாதம். சந்நிதியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தோடு எங்கள் பாலத்தடியிலே சேர்ந்துகொண்டேன். பாதயாத்திரையில் சேர்ந்த கணமே உங்கள் பெயர் போய்விடும். ஆண்களெல்லாம் சாமி, பெண்களெல்லாம் சாமியம்மா. பாடசாலையில் ‘சேர்’ என்று கூப்பிட்டுப் பழகிய காதுக்கு இது நல்ல மருந்து.

ஓட்டமாவடி முஸ்லிம் மக்கள் வாழும் ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டின் கொலைகளைக் கண்ட மாவட்டம் எங்களுடையது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் கால்வைக்க அஞ்சிய காலமொன்று நெடுநாள் இருந்தது. அதை மறைத்துவிட்டு ஒற்றுமை பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அன்று எங்கள் கூட்டம் கடைத்தெருவால் போனபோது, வயது எழுபதுக்கு மேலிருக்கும் ஒரு கடைக்காரர் வாசலில் தண்ணீர்ப் பீப்பாவும் குவளையும் வைத்துக்கொண்டு நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, “சேரும் போறீங்களா? அங்க பள்ளியில என்ட பேருக்கு ஒரு பாத்திஹா ஓதச் சொல்லுங்க. எங்கட வாப்பா முந்தி வண்டில்ல போன இடம்” என்றார். கையில் ஒரு நூறு ரூபாய்த் தாளையும் வைத்தார். கதிர்காமத்திலே பள்ளிவாசல் இருப்பது நேயர்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி, மாமாங்கம் எல்லாம் நமக்குப் பழகிய இடங்கள். மண்டூரை மட்டும் அப்படித் தாண்டிவிட முடியாது. குருமண்வெளியில் நின்று வாவியைப் ‘பாதை’யில் கடந்தோம். ஆளையும் வாகனத்தையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றே பெயர். தண்ணீருக்கு மேலே போனாலும் அது பாதைதான். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கும் திரைதான். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கப்புகனார் பூசை செய்கிறார். மந்திரம் காதில் விழாது. கதிர்காமத்திலும் கப்புறாளை வாயைக் கட்டிக்கொண்டே உள்ளே போகிறார். கப்புகனார், கப்புறாளை என்னும் சொற்கள் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போயின என்று வழக்காடுவோர் வழக்காடட்டும். வாவிக்கரைத் தமிழூர் ஒன்றிலும் தென்கோடிச் சிங்கள நாட்டிலும் ஒரே முறையில், ஏறக்குறைய ஒரே பெயருடையவர்கள் ஒரே பூசையைச் செய்கிறார்கள். ஆகமம் வகுத்த கோயில்முறைக்குப் புறம்பான ஒரு பழைய வழிபாடு இந்தக் கரை முழுவதும் பரந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு கல்வெட்டு வேண்டுமா? எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி.சீ. கந்தையா 1964இல் எழுதிய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகிய இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இக்கோயில்களைச் சுற்றி வந்தால், நம் மாணவர்களுக்கு ஒரு வருடப் பாடம் கிடைக்கும்.

திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை என்று நடந்து உகந்தை முருகனைக் கும்பிட்டதும் நாடு முடிந்து காடு தொடங்குகிறது. கூமுனை, யால காடுகளுக்கூடான இந்த வழியை ஆண்டுதோறும் விழாக்காலத்தில் மாத்திரம் சில நாட்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1983க்குப் பின் நின்றுபோன நடை 1988இல் சிறு கூட்டமாக மீண்டும் தொடங்கி, போர்க்காலத்தில் விட்டும் தொட்டும் நடந்து, 2009க்குப் பின் பெருகியது.

காட்டிலே எங்களுக்கு வழிகாட்டியவர் வேல் தாங்கிய சாமி என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. உண்மையில் வழிகாட்டியவர் தம்பிலுவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சாமியம்மா. எழுத வாசிக்கத் தெரியாதவர். இளம்பெண்ணாகத் தாயோடு பலமுறை நடந்தவர். பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வர முடியாமற் போயிற்று. உகந்தையில் இரவு படுக்கும்போது அவர் விரல் மடித்துச் சொன்னார்: “குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். இதுகளை மறந்தா தண்ணியில்லாமச் சாகிறதுதான் மகன்.” ஒவ்வொரு பெயரோடும் அவருக்கு ஓர் அறிவு ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் மணலைக் கிண்டினால் ஊற்று வரும், எங்கே தண்ணீர் உப்பு, எங்கே இருட்டுமுன் நெருப்பு மூட்டவேண்டும், எங்கே யானை இறங்கும். யானை என்று அவர் சொல்லமாட்டார். “பிள்ளையார் நிக்கிறார், சத்தம் போடாதேங்க” என்பார்.

நாவலடி என்று கேட்டவுடன் எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் ஊர்ச் சந்தியின் பெயரல்லவா அது! நடுக்காட்டில், ஆளில்லாத இடத்தில், அதே தமிழ்ப்பெயர். அந்த நாவல் மரம் எது என்று கேட்டேன். “மரம் எப்பவோ போயிற்று. பேர் நிக்குது” என்றார்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கூமுனை அங்கே குமண ஆகியிருக்கும், குமுக்கன் ஆறு கும்புக்கன் ஓயா, கட்டகாமம் கட்டகமுவ. இதிலே குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஓரிடத்துக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர் இருப்பது அந்த இடத்துக்குப் பெருமைதான். ஒரு பெயர் அச்சில் இருக்கிறது, மற்றது அந்தச் சாமியம்மாவின் விரல் மடிப்பில் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

ஐந்தாம் நாள் காடு விட்டது.

இனி நகரத்தின் கதைக்கு வருவோம். மகாவம்சத்திலே கஜரகாமம் என்னும் பெயர் வருகிறது. அநுராதபுரத்துக்குப் போதிமரக்கிளை கொண்டுவரப்பட்டபோது கஜரகாமத்துச் சத்திரியர்கள் வந்து வணங்கி நின்றார்கள் என்றும், அம்மரத்தின் முதற் கன்றுகளில் ஒன்று கஜரகாமத்தில் நடப்பட்டதென்றும் அந்நூல் கூறும். எல்லாளனோடு போருக்குப் புறப்பட்ட துட்டகைமுனு கதிர்காமத் தெய்வத்திடம் நேர்த்தி வைத்தான், வென்று வந்து கோயில் கட்டினான் என்னும் கதை மகாவம்சத்தில் இல்லை; பின்னே வாய்வழியாக வளர்ந்தது. நம்முடைய பக்கத்திலோ, பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதர் கதிர்காமத்துக்குத் திருப்புகழ் பாடியிருக்கிறார். ஆகவே அக்காலத்திலேயே தமிழ்நாட்டு முருகன் அடியார்க்கு இது தெரிந்த திருத்தலம்.

கண்டி நாட்டில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் அச்சான தம் நூலிலே இத்தெய்வத்தின் மீது மக்களுக்கிருந்த அச்சத்தைச் சொல்கிறார். கண்டியரசனுக்குப் பகையானவர்கள்கூட, போர்த்துக்கேயரோடோ ஒல்லாந்தரோடோ சேர்ந்து இந்த வழியாகப் படையெடுக்க உடன்படவில்லையாம். 1817இல் ஊவாவிலே ஆங்கிலேயருக்கெதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, அரசுரிமை கோரி முன்வந்தவர் தம்மைக் கதிர்காமத் தெய்வமே தேர்ந்தது என்றார். கிளர்ச்சி அடங்கிய பின் அங்கு வந்த ஜோன் டேவி என்ற மருத்துவர் தாம் கண்டதை 1821இல் நூலாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்தியாவிலிருந்தும் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் அடியார்கள் பெருகினார்கள். வாந்திபேதியும் கூடவே வந்தது. அரசாங்கம் அனுமதிச்சீட்டு முறை வைத்து ஆளைக் கட்டுப்படுத்தியது. 1910ஆம் ஆண்டு விழாவை மேற்பார்க்க வந்த அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபர்தான் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் லெனாட் வுல்ப். அவர் 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராம நாவலில் வரும் ‘பெரகம’ யாத்திரை, இந்தக் கதிர்காம யாத்திரையேதான். ஆங்கிலத்தில் ஒரு நாவலுக்குள் புகுந்துவிட்ட இந்த நடை தமிழில் இன்னும் ஒரு பெரிய நாவலுக்குள் வரவில்லை என்பது என் ஆதங்கம்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாட்டைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1924இல் வெளிவந்தது. தம் பாட்டியார் நேர்த்திக்காகக் கொழும்பிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போனதை அவர் அதிலே குறிப்பிடுகிறார். அத்தனை பெரிய பதவிகளை வகித்த ஒருவர், அறிஞர் அவைக்குரிய கட்டுரையில், பாட்டியின் நடையையும் ஒரு சான்றாக வைத்தார் பாருங்கள்.

இங்கே இலக்கியம் பற்றி ஒரு வார்த்தை. கச்சியப்பரின் கந்தபுராணம் வள்ளி பிறந்த இடமாகத் தொண்டைநாட்டு வள்ளிமலையைச் சொல்லும். நம் மக்களோ, செல்லக் கதிர்காமப் பக்கத்துக் காட்டில் வேடர் வளர்த்த பெண் அவள் என்பார்கள். வேடர் வழிவந்தோரும் அவளைத் தங்கள் மகள் என்கிறார்கள். சிங்கள மக்களும் வள்ளி அம்மா என்றே கும்பிடுகிறார்கள். புராணத்தைப் படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்கமாட்டேன். கதிர்காமத்தில் தெய்வயானை அம்மனுக்கும் கோயில் இருக்கிறது. ஆனால் விழா இரவுதோறும் பேழை போவது எங்கே தெரியுமா? சில நூறு யார் தொலைவிலுள்ள வள்ளி கோயிலுக்குத்தான். தொல்காப்பியம் வகுத்த களவும் கற்பும் நினைவுக்கு வருகின்றனவா? பரிபாடலின் செவ்வேள் பாடலொன்றில் வள்ளியும் தேவசேனையும் ஊடுவதும், களவின் சிறப்பு பேசப்படுவதும் நாம் வகுப்பில் படிப்பவை. களவு வழி வந்த காதலியிடம் தெய்வம் இரவில் மூடிமறைத்துக்கொண்டு போகும் விழா இது. பேழைக்கு ஏன் போர்வை என்று எனக்கு அன்றிரவுதான் ஒரு பொருள் பட்டது. இது என் சொந்தப் பொருள், சான்று கேட்காதீர்கள்.

1950களில் பஸ் ஓடக்கூடிய வீதி வந்ததும் நகரம் மாறியது. முன்பு வந்தவர்களில் பெரும்பகுதி தமிழ் அடியார்கள். வீதி வந்தபின் தென்னிலங்கைச் சிங்கள மக்கள் இலட்சக்கணக்கில் வரத் தொடங்கினார்கள். தீமிதிப்பும் காவடியும் அவர்களிடம் எப்படிப் பரவின என்பதை 2025இல் காலமான பேராசிரியர் கணநாத் ஒபேயசேகர விரிவாக ஆராய்ந்திருக்கிறார். புனித நகரத் திட்டம் வந்தது; பழைய மடங்களும் கடைகளும் அகன்றன. இராமகிருஷ்ண மிஷன் நடத்திய பெரிய யாத்திரிகர் மடமும் 1970களில் அரசின் கைக்குப் போயிற்று. அங்கே வயிறாரச் சாப்பிட்டதை நினைத்துக் கண்கலங்கும் முதியவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் உண்டு. இது நமக்கு இழப்புத்தான். பூசி மெழுகிப் பயனில்லை. தமிழில் ஒரு வழிகாட்டிப் பலகையைத் தேடி நானும் அங்கே அலைந்திருக்கிறேன். எனினும் மாணிக்க கங்கையில் எனக்குப் பக்கத்தில் முழுகிய சிங்களத் தாய், நனைந்த சேலையோடு பழத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு “ஹரோஹரா” என்று சொல்லியபடி போனபோது, இது நம்மிடமிருந்து பறிபோன ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளிவாசலுக்கு வருகிறேன் என்றேன். வள்ளி கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாவாநீர் அருந்திய கிழுறு நபியோடு முஸ்லிம்கள் இந்த இடத்தைச் சேர்த்துப் பேசுவார்கள். பாலை மட்டும் உணவாகக் கொண்டிருந்த பால்குடி பாவா என்னும் பெரியவரின் அடக்கமும் அங்கே உண்டு. ஆடி விழா தொடங்கும்போது பள்ளியிலும் கொடி ஏறும். பக்கீர்கள் கூடி றபான் அடித்து ஓதும் ஓசையும் கோயில் மணியோசையும் ஒரே நேரத்தில் காதில் விழும். ஓட்டமாவடிக் கடைக்காரர் தந்த தாளைக் கொடுத்து, அவர் பெயரைச் சொன்னேன். ஓதினார்கள். பொறுப்பாயிருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். ஓட்டமாவடி என்றதும், “நடந்தா வந்தீங்க?” என்று என் காலைப் பார்த்தார்.

அந்தச் சாமியம்மா சொன்ன பெயர்களைக் கதிர்காம மடத்துத் திண்ணையில் இருந்து ஒரு கொப்பியில் எழுதினேன். பெரிய இடங்கள் ஐந்தோடு, இடையிலுள்ள சிறு மரத்தடிகள், ஊற்றுகள், மேடுகள் என்று முப்பத்தொன்று தேறின. அவர் இப்போது இல்லை. அவருடைய பேத்தி பஸ்ஸிலே கதிர்காமம் போய்வருகிறாள். அவளுக்கு இவற்றில் இரண்டு பெயர் தெரியும். என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, வீட்டில் நடந்து போன அம்மம்மா, அப்பாச்சிமாரிடம் கேட்டு அவர்களும் சில பெயர்கள் கொண்டுவந்தார்கள். பதினொரு பெயர் என் கொப்பியில் இல்லாதவை. ஒரே இடத்துக்குத் திருக்கோவிலார் ஒரு பெயரும் மண்டூரார் வேறு பெயரும் சொல்வதையும் கண்டோம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில், உகந்தையிலிருந்து காட்டுவழி நடந்தவர்கள் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு சாப்பாடு முடிந்தபின் அவர்களைக் கேளுங்கள். முதல் நாள் எங்கே தங்கினீர்கள், எந்த இடத்தில் தண்ணீர் எடுத்தீர்கள், அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று வரிசையாகக் கேளுங்கள். அவர்கள் உச்சரிக்கிற மாதிரியே எழுதுங்கள், திருத்தி எழுதவேண்டாம். எந்த ஆண்டு நடந்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.